வேட்டுக் கிணறும் நரம்புச் சிலந்தியும்

இன்டர்மீடியட்டில் விலங்கியலுக்கு நான் வாங்கிய மார்க்கை யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் அதே விலங்கியலை வைத்துக்கொண்டு எங்கள் ஊரையே வாயடைக்க வைத்ததை, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோரிடமும் சொல்வேன். இப்போது உங்கள் முறை.

எலப்புள்ளிக்குக் கிழக்கே, பனையும் கேழ்வரகும் நிலக்கடலையும் தவிர வேறெதுவும் சுலபத்தில் விளையாத பக்கம் எங்கள் ஊர். விளையாத குறைக்கு வதந்தி நன்றாக விளையும். மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம் பட்டால் கண்பார்வை தேயும் என்பார்கள். ரயில் புகை படிந்த கடலையைத் தின்றால் மஞ்சள் காமாலை வரும் என்பார்கள். இரண்டாவதை நானே சோதித்தேன். கஞ்சிக்கோட்டில் தண்டவாளத்தை ஒட்டிய கடலைக் காட்டில் உட்கார்ந்து ஒரு வாரம் பச்சைக் கடலையாகப் பிடுங்கித் தின்றேன். காமாலை வரவில்லை. வயிற்றுப் போக்கு வந்தது. "பாத்தியா?" என்றார்கள். புகையால் வந்ததல்ல, தின்ற அளவால் வந்தது என்று எவ்வளவு சொல்லியும் எவனும் கேட்கவில்லை. அன்றைக்கே தெரிந்துகொண்டேன்: இந்த ஊரில் உண்மையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, அதைக் காட்டுகிற விதத்தில் காட்டுவது.

எங்கள் ஊருக்கென்று ஒரு வியாதி உண்டு. நரம்புச் சிலந்தி. பங்குனி வெயில் ஏறும்போது கணுக்காலுக்குப் பக்கத்தில் சுட்ட கொப்புளம் மாதிரி ஒன்று கிளம்பும். உடையும். உள்ளிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலை நீட்டும். இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் கால் பழுத்துவிடும். அதனால் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றில் அதன் நுனியைச் சுற்றி, தினமும் ஒரு விரல் நீளம் என்று பொறுமையாகச் சுருட்டி எடுக்க வேண்டும். அதற்கு மூன்று வாரம், நான்கு வாரம் ஆகும். அதுவரை ஏர் பிடிக்க முடியாது, நடக்க முடியாது, எரிச்சலில் தூங்கவும் முடியாது.

எரிச்சலுக்கு எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். படிக்கிணற்றில் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொள்வது. சில்லென்று இருக்கும். சாயங்காலமானால் நாலைந்து பேர் வரிசையாகக் கால் நனைத்தபடி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அவர்களைத் தாண்டிப் பெண்கள் இறங்கிக் குடத்தை முக்கி எடுத்துப் போவார்கள், குடிக்க, சமைக்க. யாருக்கும் அதில் எதுவும் விசேஷமாகத் தெரியவில்லை. பெருமைக்காரனான எனக்கும் தெரியவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஊரின் தெற்குத் தெருவான தெற்கு வளவில் குடியிருந்தாள். அங்கிருந்து படிக்கிணற்றுக்கு நல்ல தூரம். "அந்தப் படியில எறங்கி ஏறி எம் முட்டி தேஞ்சதுதான் மிச்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு வைகாசியில் தன் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்ட ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். ஆறு முழத்தில் பாறை. வேட்டு வைக்கிற ஆட்கள் வந்தார்கள். தினம் இரண்டு வேட்டு. மாமா காட்டுக்கு ஓடிவிடுவார். அத்தை மட்டும் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வேட்டுக்கும் காதைப் பொத்திக்கொண்டு எண்ணுவாள். ஆடியில் ஊற்று உடைந்தது. சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்டி, கப்பி மாட்டி, வாளியில் சேந்தி எடுக்கிற கிணறு. தெற்கு வளவே அங்கே தண்ணீர் எடுக்க ஆரம்பித்தது. முதல் ஒரு மாதம் தண்ணீரில் வேட்டு மருந்தின் வாடை லேசாக அடித்தது. அது போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது: வேட்டுக் கிணறு.

அடுத்த பங்குனியில், பரீட்சை முடிந்து நான் ஊருக்கு வந்து இறங்கியபோது, ஊரே நொண்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேருக்கு நரம்பு வந்து நான் பார்த்ததில்லை. எங்கள் மாமாவும் கட்டிலில் கிடந்தார். வலது காலில் குச்சி கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க மாப்ளே. உங்கத்தைக்கு எதிரா மொத சாட்சி எங் காலுதான். படுத்துக்கிட்டே சாட்சி சொல்லுது."

"என்ன சாட்சிங்க மாமா?"

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. "எங் கெணத்துத் தண்ணியிலதான் நரம்பு வருதாமா. தூர்க்கப் போறாங்களாமா. போயி உங்க பெரியதனக்காரரக் கேளு."

பெரியதனக்காரர் என்றால் ஊர்த் தலைவர். எனக்குப் பெரியப்பா முறை. போய்க் கேட்டேன். அவர் படிக்கிணற்றில் இருந்தார், கடைசிப் படியில், இடது காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு.

"ஏம்ப்பா காலேஜு, நீயே சொல்லு" என்றார். "வேட்டு வெச்ச பாறையில மருந்து ஊறுமா, ஊறாதா?"

"ஊறுனாலும் நரம்பு எப்படிங்க பெரியப்பா வரும்?"

"கந்தகம் சூடு. சூடு ஒடம்புக்குள்ள போனா நரம்பு வெளிய வரும். இதுக்குக் காலேஜ் வேணுமாக்கும்?"

"உங்களுக்கும் வந்திருக்குதுங்களே. நீங்க அந்தத் தண்ணி குடிக்கறதில்லையே."

"உங்கத்தை ஊட்டு விசேசத்துல ரெண்டு சொம்பு குடிச்சனே" என்றார், மிகுந்த துக்கத்தோடு. சுற்றி உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். "கெணறு வெட்டறதுக்கு முந்தி இந்தளவு நரம்பு இருந்துதா? வெட்டுன மறுவருசமே இப்புடி. வர்ற திங்கக்கெழமை ரெண்டு வண்டி கல்லுக் கொண்டாந்து கொட்டறோம். முடிஞ்சுது."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "திங்கக்கெழமை வரைக்கும் பொறுங்க. ஊடு ஊடாப் போயி யாருக்கு நரம்பு, யாரு எந்தத் தண்ணி குடிக்கறாங்கன்னு எழுதறேன். கல்லு வண்டி வரட்டும். அங்கயே எல்லாருக்கும் முன்னால படிக்கறேன். கெணறு தப்புப் பண்ணியிருந்தா மொதக் கல்ல நானே போடறேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றார் பெரியதனக்காரர்.

"மாறுனா மீசைய எடுத்துக்கறனுங்க."

"மொதல்ல அது மொளைக்கட்டும்" என்றது பக்கத்துக் கால்.

கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாள் நடந்தேன். ஒரு வீட்டு அக்கா, "ஏனுங் தம்பி, நரம்பு எத்தன மொழம்னும் எழுதோணுமா? எங்கூட்டுக்காரருக்கு நெம்ப நீளம்" என்று பெருமையாகக் கேட்டாள். இன்னொரு வீட்டில், நான் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்திருப்பதாக நினைத்து இரண்டு அண்ணன்மார் புழக்கடை வழியாக ஓடிப்போனார்கள். ஒருவருக்கு நரம்பு இருந்தும் ஓடினார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டில் உட்கார்ந்து கூட்டினேன். தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி கூட்டினேன். வடக்கு வளவு படிக்கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறது. தெற்கு வளவு வேட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறது. நரம்பு வந்தவர்கள் தெற்கில்தான் மூன்று பேர் அதிகம்.

காது இரண்டும் சூடாகிவிட்டது. ஊருக்கு முன்னால் படிக்கிறேன் என்று சவால் விட்டது நான். படித்தால் அத்தையின் கிணற்றை நானே மூடினதாக ஆகும்.

"அத்தை" என்றேன். "இதுல மூணு பேருக்கு லேசாத்தான் இருக்குது. கொப்புளம் மட்டுந்தான். விட்டுறலாங்களா?"

அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "அதுல ஒருத்தரு உங்க மாமாவா?"

"இல்லைங்க. அவருக்கு நெசமாலுமே நல்லா வந்திருக்குது."

"டேய். பொய் எழுதிக் காப்பாத்துன கெணத்துல நான் எப்படித் தண்ணி சேந்தி வளவுப் புள்ளைங்க வாயில ஊத்துவேன்? எந் தண்ணி கெட்டதுன்னா நானே மண்ணள்ளிப் போடறேன். இருக்கறதப் படி." முறம் மறுபடி ஓடியது. ஆனால் அவள் புடைத்ததில் பாதி தானியம் தரைக்குப் போனதை நான் பார்த்தேன்.

மாமா கட்டிலிலிருந்து, "அந்த மூணு பேரோட என்னையும் சேத்து அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை, எங்கள் வளவைச் சேர்ந்த ஒரு அண்ணன் மலையிலிருந்து ஊருக்கு வந்தார். சின்னக்கானல் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போனவர். போடிக்கு இறங்கி, ரயில் மாறி மாறி வந்திருந்தார். தோளில் கம்பளி, கையில் ஒரு தடி. நொண்டினார்.

"என்னண்ணா, மலையில வழுக்கி உளுந்துட்டீங்களா?"

"உளுந்திருந்தா ஆறியிருக்குமே. நரம்புப்பா."

"மலையிலயா வந்துது?"

"மாசிக் கடைசியில கெளம்புச்சு. கொழுந்து மூட்டை தூக்கிட்டுப் போனவன் அப்படியே உக்காந்துட்டேன். தோட்டத்து ஆசுபத்திரியில மருந்து கட்டற டிரெஸ்ஸரு திருநெல்வேலிக்காரரு. பாத்துட்டு, 'ஏலே, என்னலே இது, காலுல நூலு முளைச்சிருக்கு!'ன்னு லயத்து ஊடுகள்ல இருக்கற சனத்தையெல்லாம் கூப்புட்டுக் காட்டறாரு. வந்து வந்து பாத்துட்டுப் போறாங்கொ. தேங்கா ஒடைக்காததுதான் பாக்கி."

"அங்க வேற யாருக்கும் இல்லீங்களா?"

"ஓடைத் தண்ணி. ஒருத்தருக்கும் இல்ல. எனக்கு மட்டுந்தான் அந்தக் கொடுப்பினை."

நானும் சிரித்துவிட்டு நடந்தேன். பத்தடி போனவன் நின்றுவிட்டேன். திரும்பி ஓடினேன்.

"அண்ணா, நீங்க எப்ப மலைக்குப் போனீங்க?"

"போன வைகாசியில. உங்கத்தை ஊட்டுக்குப் பாறை பாக்க வேட்டுக்காரங்க வந்தாங்கல்லொ, அன்னைக்குத்தான் கெளம்புனேன்."

"அப்ப வேட்டுக் கெணத்துத் தண்ணி நீங்க குடிச்சதே இல்லையா?"

"எந்தத் தண்ணி? அங்க வெறும் பாறையல்லொ இருந்துது?"

அவர் கம்பளியோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்தேன். "காலு, காலு!" என்று கத்தினார்.

வீட்டுக்கு ஓடி விலங்கியல் நோட்டை எடுத்தேன். என் கையாலேயே எழுதி, பிறகு ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காத பக்கம். பக்கத்து ஓரத்தில் லெக்சரரின் மூக்கைப் படம் போட்டிருந்தேன். மூக்குக்குக் கீழே எழுதியிருந்தது: நரம்புப் புழுவின் குஞ்சுகள் புண்ணிலிருந்து தண்ணீரில் இறங்கும். தண்ணீரில் உள்ள பொடிப் பூச்சி அவற்றை விழுங்கும். அந்தப் பூச்சியோடு தண்ணீரைக் குடித்தவன் காலில் புழு வெளியே வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

ஒரு வருஷம்! நான் வீடு வீடாகப் போய்க் கேட்டதெல்லாம் இப்போது எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று. கேட்டிருக்க வேண்டியது போன சித்திரையில் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று. போன சித்திரையில் வேட்டுக் கிணறே கிடையாது. தெற்கு வளவும் வடக்கு வளவும் எல்லோரும் படிக்கிணறுதான். அந்த வருஷம் மழை பொய்த்து, படிக்கிணறு அடியில் முழங்கால் ஆழத்துக்கு வற்றிக் கிடந்தது. அந்த முழங்கால் தண்ணீரில்தான் ஊரே கால் நனைத்தது. அதைத்தான் ஊரே குடித்தது. இந்த வருஷம் ஊர் நொண்டியது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி எல்லா வீட்டுக்கும் போனேன். "மறுபடியுமா?" என்றார்கள். மறுபடியும்தான். ஆவணியில் கல்யாணமாகி மேற்கேயிருந்து தெற்கு வளவுக்கு வந்த இரண்டு பெண்கள் இருந்தார்கள். வந்த நாள் முதல் வேட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். இரண்டு பேருக்கும் காலில் ஒரு கொப்புளம் கிடையாது. பெரியதனக்காரர் சொன்ன கந்தகச் சூடு நிஜமென்றால் இவர்களுக்கும் வந்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை இரண்டு வண்டி கல் வந்து அத்தை வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஊரே வந்திருந்தது. அத்தை கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, எவனாவது கிட்டே வரட்டும் என்று நின்றாள். மாமாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

முதலில் என் தோல்வியைப் படித்தேன். தெற்கில் மூன்று பேர் அதிகம். "அப்பறம் என்ன?" என்று ஒரு சத்தம். வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்கப் போனான்.

"சித்த இருங்க" என்றேன். மலை அண்ணனை முன்னால் நிறுத்தினேன். "இவரு எந்தத் தண்ணி குடிச்சு நரம்பு வாங்குனாருன்னு யாராவது சொல்லுங்க. வேட்டுக் கெணத்தக் கண்ணுல பாக்காமயே மலைக்குப் போனவரு."

"மலைத் தண்ணி" என்றார் பெரியதனக்காரர்.

"மலையில எனக்கு ஒருத்தனுக்குத்தானுங்க" என்றார் அண்ணன். "வேணும்னா டிரெஸ்ஸரக் கூட்டிட்டு வரட்டுங்களா? அவுரு இன்னொருக்காப் பாக்க ஆசப்படறாரு."

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். போன சித்திரையில் எங்கே குடித்தாய்? படிக்கிணறு. நீங்க? படிக்கிணறு. மாமா? "படிக்கெணறுதான் மாப்ளே. எங் காலு சாட்சிய மாத்திச் சொல்லுது." இப்போது சிரித்தார்கள்.

கடைசியாக இரண்டு கண்ணாடி பாட்டிலை எடுத்து வெயிலில் பிடித்தேன். ஒன்றில் அத்தை கிணற்றுத் தண்ணீர். இன்னொன்றில் படிக்கிணற்றுத் தண்ணீர். காலேஜில் திருப்பிக் கொடுக்க மறந்த லென்ஸைப் பெரியதனக்காரர் கையில் கொடுத்தேன். அத்தை தண்ணீரில் ஒன்றுமில்லை. படிக்கிணற்றுத் தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகள், தத்தித் தத்தி, குதித்துக் குதித்து.

அவர் வெகுநேரம் பார்த்தார். "உசுரோட இருக்குது" என்றார். லென்ஸ் கைமாறி கைமாறி ஊர்கோலம் போனது. ஒரு பெண், "இதயா இத்தன நாளா புள்ளைக்குக் குடுத்தேன்?" என்று பாட்டிலைத் தள்ளிவிட்டாள்.

பெரியதனக்காரர் சுலபத்தில் விழுகிற ஆள் இல்லை. "பூச்சி இருக்குது. செரி. அந்தப் பூச்சியிலதான் நரம்பு வருதுன்னு பாட்டில்ல எழுதியிருக்குதா?"

நல்ல கேள்வி. லெக்சரர்கூட என்னிடம் அப்படியொன்று கேட்டதில்லை. "பாட்டில் சொல்லாதுங்க பெரியப்பா. அடுத்த பங்குனி சொல்லும். தெக்கு வளவு இந்தக் கெணத்துத் தண்ணிய மட்டும் குடிக்கட்டும். வடக்கு வளவு குடிக்கற தண்ணிய வேட்டிய நாலா மடிச்சு வடிகட்டிக் குடிக்கட்டும். புண்ணுக் காலோட யாரும் படிக்கெணத்துல எறங்கக் கூடாது. வாளியில தண்ணி எடுத்துட்டு வந்து ஊட்டுல நனைங்க."

"செரி" என்றார் அவர், தன் இடது காலைப் பார்த்தபடி. "கல்லு இங்கயே கெடக்கட்டும். அடுத்த பங்குனியில தெக்கு வளவுல புதுசா நரம்பு வந்துச்சு, கொட்டறது நாங்க இல்ல. நீயி."

அந்த ஒரு வருஷம் எனக்கு பி.ஏ. வகுப்பில் காதில் எதுவும் ஏறவில்லை. பங்குனி பிறந்ததும் ஊருக்கு ஓடினேன். தெற்கு வளவில் ஒருவர்கூட நொண்டவில்லை என்று அத்தை வாசலிலேயே சொன்னாள். சொல்லி நான்கு நாள் ஆகவில்லை, தெற்கு வளவில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி காலில் கொப்புளத்தோடு உட்கார்ந்தாள்.

வடக்கு வளவிலிருந்து நாலு பேர் கல் குவியலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணிடம் போய் உட்கார்ந்தேன். "அம்மணி, நெசத்தச் சொல்லு. படிக்கெணத்துத் தண்ணி எப்பவாவது குடிச்சியா?"

"எப்பவாவதா?" என்றாள். "ஆடெல்லாம் படிக்கெணத்துக்கு அக்கட்டதான மேயுது. தெனமும் எறங்கிக் கையில அள்ளிக் குடிச்சனுங்க. மத்தியான வெயிலுக்கு ஊட்டுக்கு வந்து சேந்தவா முடியும்?"

அவளைப் பெரியதனக்காரர் முன்னால் கூட்டிக்கொண்டுபோய் அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். வேட்டியில் வடிகட்டுவது பொம்பளை வேலை, வாளியில் கால் நனைப்பது நோயாளி வேலை என்று ஒரு வருஷம் முழுக்கப் பழைய படியிலேயே போய் உட்கார்ந்தவர் அவர். அவர் வீட்டில் அந்த வருஷம் மூன்று குச்சி சுற்றினார்கள். வடிகட்டிக் குடித்த வீடுகளில் ஒன்றுமில்லை.

மறுநாள் விடிந்ததும் பெரியதனக்காரரின் வீட்டுக்கார அம்மா இரண்டு குடத்தோடு தெற்கு வளவுக்கு நடந்து வந்தார். அத்தை கப்பிக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் வாளியை உள்ளே விட்டார். சேந்தி நிரப்பிவிட்டு, என்னைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்:

"படிச்ச புள்ள நோட்டுப் போட்டு எழுதிக் கெணத்தக் காப்பாத்திக் குடுத்துட்டான். நல்லா இருக்கோணும்."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நிமிர்த்தி முடிப்பதற்குள் அத்தை குடத்தைத் தூக்கி அந்தம்மாவின் இடுப்பில் வைத்தாள்.

"எழுதுனது அவனுங்கக்கா" என்றாள். "வெட்டுனது நானு."